உண்ட வீடு எது?

அன்புள்ள அண்ணா,

திருகோணமலையில் ஒரு அரச மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ஒன்பது வருடமாகத் தொழிற்சங்க உறுப்பினர். போன மாதம் சம்பள உயர்வு கேட்டு ஒரு நாள் பணிப்பகிஷ்கரிப்பு செய்தோம். அவசர சேவை மட்டும் நடந்தது. மறுநாள் எங்கள் பொறுப்பு அக்கா எல்லோர் முன்னாலும், "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறீர்கள்" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. சங்கத்திலும் இருந்துகொண்டு வேலைக்கும் விசுவாசமாக இருக்க முடியாதா?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முடியும். என் அப்பா அப்படித்தான் இருந்தார்.

திருகோணமலையில் ஒரு அரச கந்தோரில் எழுதுவினைஞர் அவர். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்குவதற்கு முதல் நாள் இரவு நேரம் சென்றுதான் வீட்டுக்கு வந்தார். மேசையில் ஓய்வூதியக் கோப்புகள் பதினொன்று கிடந்தனவாம். எல்லாவற்றையும் முடித்து, நூல் கட்டி, கையெழுத்துக்கு வைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்திருக்கிறார். "எங்கட சண்டையால கிழவர்மாரின்ர காசு நிற்கக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. விடிந்ததும் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தப் போராட்டத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். அப்பாவும் இழந்தார். பிறகு சந்தைப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவரை யாராவது இரண்டகம் செய்தவர் என்றால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

உங்கள் சம்பளம் சனத்தின் வரிப்பணம். கிண்ணியாவிலிருந்து வந்து வரிசையில் நிற்கும் மீனவர் தீப்பெட்டி வாங்கும்போதும் அதில் ஒரு பங்கு கட்டுகிறார். நீங்கள் உண்ட வீடு அவருடையது. சங்கம் வைப்பதும் களவு வேலை இல்லை: 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே பதியலாம், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலும் அந்த உரிமை இருக்கிறது. சம்பளம் கூடினால் அந்த அக்காவுக்கும்தானே கூடும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அன்றைக்கு வெருகலிலிருந்து விடியவே பஸ் ஏறி, கிளினிக் கொப்பியோடு வந்து திரும்பிப் போன ஆட்களுக்கு முன்கூட்டியே யாராவது சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் அந்த அக்காவின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழும்பி இதைக் கேளுங்கள். நீரிழிவுக்காரருக்கு மருந்து முதல் நாளே கொடுக்க ஒழுங்கு செய்யலாம், கொப்பியில் வேறு திகதி போட்டுக் கொடுக்கலாம். சங்கத்துக்குள் இதைச் சொன்னால் சிலர் உங்களையும் முறைப்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணா