மழைப் பெண்ணும் நாவல் பழமும்

எழுத வருகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மாயாஜால நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகிக்கு மழையை வரவழைக்கும் சக்தி உண்டு. அவளைப் பற்றி ஒரு நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருக்கிறேன்: கண்ணின் நிறம், நட்சத்திரம், பிடித்த பலகாரம், சின்ன வயதில் செத்துப்போன நாய்க்குட்டி. ஆனாலும் மூன்றாவது அத்தியாயத்தில் கொலு பொம்மை மாதிரி நிற்கிறாள். என்ன செய்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பலகாரம் எங்கேயாவது உதவும். ஆனால் நீங்கள் அனுப்பிய குறிப்புகளில் ஒன்றுகூட அவளை எதையும் செய்யவிடாமல் தடுக்கவில்லை, எதையும் செய்யச் சொல்லித் துரத்தவும் இல்லை. அந்த விவரங்களை வைத்துப் பெண் பார்க்கப் போகலாம், கதை நகராது.

அவள் மழை பெய்விக்கிறாள். சரி, அந்த மழை யாருக்கு வேண்டாம்? நான் தூத்துக்குடிக்காரி. என் பெரியம்மா உப்பளத்தில் கூலிக்குப் போனவர். பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளைந்து நிற்கிற நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தால் போதும், அத்தனையும் கரைந்துவிடும். வேலை நின்றுபோகும், கூலியும் கிடைக்காது. ஊரே மழை வேண்டிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, பெரியம்மா வாசலில் நின்று மேகத்தை வாய்க்கு வந்தபடி திட்டுவார். உங்கள் மழைப் பெண்ணை அப்படி ஒரு வீட்டில் பிறக்கவையுங்கள். பக்கத்து ஊரில் பயிர் காய்கிறது, வந்து கூப்பிடுகிறார்கள். இங்கே அம்மா உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள். மேகத்துக்கு ஊர் எல்லை தெரியாது. இனி அவளால் சும்மா நிற்க முடியாது. போகலாம், மறுக்கலாம், ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகலாம், பயிர்க்காரர்களிடம் அம்மாவின் கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போகலாம். கடைசியில் சொன்னதைச் செய்கிற பெண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். எதைச் செய்கிறாள் என்று எழுதும்போதுதான் அவள் யாரென்று உங்களுக்கே தெரியவரும்.

மாய சக்தி உள்ள பாத்திரத்துக்கு அந்த சக்தி ஏதாவது ஒரு விதத்தில் பிடுங்கலாக இருக்க வேண்டும். மணிமேகலையில் வரும் காயசண்டிகையைப் பாருங்கள். ஆகாயத்தில் பறக்கிற வித்தியாதரப் பெண். கணவன் காஞ்சனனோடு பொதியில் மலை பார்க்க வந்த இடத்தில், விருச்சிக முனிவன் தேக்கிலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நாவல் பழத்தைக் காலால் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழுக்கிற கனி. அது ஒன்றுதான் அவனுக்குச் சாப்பாடு. அவன் என்ன சாபம் கொடுக்கிறான்? பறக்கிற மந்திரம் மறந்துபோகும், யானைத்தீ என்கிற அடங்காப் பசி பிடிக்கும், அடுத்த பழத்தை அவன் தின்கிற நாள் வரை அது தீராது. அவன் எத்தனை வருஷம் பட்டினி கிடக்க வேண்டுமோ அத்தனை வருஷம் அவளும் கிடக்க வேண்டும். சாத்தனார் எடை போட்டுக் கொடுத்த தண்டனை இது. காஞ்சனன் காயும் கனியும் கிழங்கும் கொண்டுவந்து கொட்டுகிறான், பசி அடங்கவில்லை. கடைசியில், இல்லாதவர்க்குச் சோறு போடுகிற ஊர் என்று அவளைக் காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போகச் சொல்கிறான். வானத்தில் பறந்தவள் தெருவில் சோறு தேடுகிறாள். அவள் கண் என்ன நிறமென்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அதனால் நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, மழைப் பெண் அன்றாடம் எப்படி வயிற்றைக் கழுவுகிறாள், மழையைக் கூப்பிட்டதும் உடம்புக்கு என்ன ஆகிறது, மறுநாள் காலையில் வாசலில் வந்து சண்டை போடுகிறவர் யார் என்று எழுதுங்கள். அந்தச் சண்டையையே மூன்றாவது அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கற்பனை உலகம் என்பதால் ஸெரோனியன், ட்ரால்வின், க்ஷிமாரா என்று பெயர் வைத்திருக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: நானும் கொஞ்சம் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் விளையாடும் பிள்ளையை அவன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட முடியுமா என்று பாருங்கள். ‘ட்ரால்வின்’ என்று கத்த முடியாவிட்டால் வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசியுங்கள், அந்தச் செல்லப் பெயரிலேயே பாதி ஆள் வந்துவிடுவான். ஒரே ஊர்க்காரர்களின் பெயர்களில் ஏதாவது ஒரு ஓசை பொதுவாக இருக்கட்டும்.

கேள்வி: கோட்டை வாசலில் கதாநாயகனைத் தடுக்கிற காவல்காரன் ஒருவன், ஒரே ஒரு காட்சிக்காக வந்தான். இப்போது நான்கு அத்தியாயமாகக் கூடவே வருகிறான். என் திட்டத்தில் அவன் இல்லவே இல்லை. கொன்றுவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: பொறுங்கள். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை 1937 டிசம்பரில் தொடங்கினார். அது அச்சில் வந்தது 1954-55இல். அவருடைய பழைய கைப்பிரதிகளை மகன் கிறிஸ்டோபர் பிற்பாடு வெளியிட்டார். எழுதுகிறவர்கள் அவசியம் புரட்டிப் பார்க்க வேண்டிய புத்தகங்கள். நாவலில் விடுதி மூலையில் மர்மமாக உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவன் வருகிறான். பிற்பாடு அரியணை ஏறப்போகும் அரகோர்ன் அவன்தான். ஆனால் முதல் வரைவில் அவன் மனிதனே இல்லை. மரச்செருப்பு போட்ட ஒரு ஹாபிட் (டோல்கீன் கற்பனை செய்த குள்ள இனம்), பெயர் டிராட்டர். கதாநாயகன் ஃப்ரோடோவுக்கே அப்போது பிங்கோ என்று பெயர். மூலையில் இருந்தவனைப் பார்த்துத் தனக்கே அதிர்ச்சி என்றும், அவன் யாரென்று ஃப்ரோடோவுக்குத் தெரிந்த அளவுதான் தனக்கும் தெரியும் என்றும் கவிஞர் ஆடனுக்கு 1955இல் எழுதிய கடிதத்தில் டோல்கீன் சொல்கிறார். ஆள் மாறிய பிறகும் அந்த விடுதிக் காட்சியின் பேச்சில் நிறைய அப்படியே தங்கிவிட்டது. நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான். முதலில் வந்தது அவனுடைய குரல், வம்ச வரலாறு பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டது. 1944இலும் இப்படி ஒருவன் அழைக்காமல் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டான் என்று மகனுக்கு எழுதியிருக்கிறார். அவன் ஃபாரமிர்.

இதைப் படித்துவிட்டு எல்லாக் காவல்காரனும் ராஜா ஆகிவிடுவான் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஆள் தமாஷாகப் பேசுகிறான் என்பதற்காக நீங்கள் விடாமல் வைத்திருக்கலாம். அப்படியானால் நான்கு அத்தியாயமே அதிகம், வாசலிலேயே விட்டுவிடுங்கள். கதாநாயகன் போகிற வழிக்குக் குறுக்கே அவனுக்கென்று ஒரு தேவை இருக்கிறதா? சம்பளப் பாக்கி, கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட தம்பி, ஏதாவது? இருந்தால் அவன் தங்கட்டும். ஆனால் அவனுக்காக முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் திருத்த உட்காராதீர்கள். ஆரம்பத்திலிருந்தே அவன் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். திருத்த வேண்டியதை ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்தையே செதுக்கிக்கொண்டிருந்து முடிவைப் பார்க்காத பிரதிகள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன.

கேள்வி: என் நாவலின் அசுரன் கெட்டவன், அவ்வளவுதான். அவனுக்கும் ஒரு சோகக் கதை வைத்தே ஆக வேண்டுமா? இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டாம். சிறு வயதில் யாரோ அடித்தார்கள் என்று ஐந்து பக்கம் அழவைத்தால் அசுரனும் தாங்கமாட்டான், வாசகரும் தாங்கமாட்டார். அவன் என்ன நினைத்துக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்கிறான் என்பது மட்டும் அவனுக்குச் சரியாகப் பட வேண்டும்.

மேலே சொன்ன காஞ்சனனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இந்திர விழாவுக்கும் வந்து மனைவியைப் பார்த்து, இன்னும் எத்தனை வருஷம் என்று எண்ணிவிட்டுத் திரும்புகிறவன். கெடு முடிந்து வருகிறான். காயசண்டிகையின் பசியை மணிமேகலை தீர்த்துவிட்டாள், அவளும் கிளம்பிப் போய்விட்டாள். அது அவனுக்குத் தெரியாது. தன்னை விடாமல் துரத்தும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொண்டு நடமாடுகிறாள். அதுவும் தெரியாது. தன் மனைவி தன்னை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓர் இளவரசனோடு பேசுகிறாள், அவன் கண்ணில் பட்டது அவ்வளவுதான். இரவில் ஒளிந்திருந்து உதயகுமாரனை வெட்டிக் கொல்கிறான். உண்மையான மனைவியோ பறந்து போகிற வழியில் விந்திய மலைக்கு மேலே, அந்த மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைத் தூணில் இருந்து பேசும் தெய்வப் பாவையான கந்திற்பாவை சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்கிறான். கொலை செய்தவன்தான், ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேறு என்ன நினைத்திருப்பான்?

உங்கள் அசுரன் ஊரை எரிக்கப் புறப்படுகிற காலையை அவன் பக்கமிருந்து இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். அது நாவலில் சேராது, உங்களுக்கு மட்டும். அவன் முதலில் யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான், எந்தப் பொய்யை நம்பிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தால் போதும். கடிதக் கடைசியில், அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரைக்காரரிடம் மூன்று பெயர் மிச்சமிருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.