பேஸ்மேக்கருக்குப் பயந்து அறிகுறிகளை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 62 வயது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 48தான் இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதையெல்லாம் சொன்னால் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். இதய நிபுணரிடம் எவ்வளவு சொல்லலாம்?

பதில்: ஒன்று விடாமல் சொல்லுங்கள். 48 என்ற எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு 40களில் துடிப்பு இருந்தும் எந்தத் தொல்லையும் இருக்காது. துடிப்பு குறையும் அதே நேரத்தில் உங்களுக்கு மயக்கமோ களைப்போ வருகிறதா என்பதுதான் பெரும்பாலும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. இதயத்துக்குள் மின் சமிக்ஞை செல்வது தடைபடும் சில வகைக் கோளாறுகளில் மட்டும், அறிகுறி இல்லாவிட்டாலும் பேஸ்மேக்கர் தேவைப்படும்.

மறைப்பதால் உங்களுக்குத்தான் இழப்பு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் மெட்டோபிரோலால், அடெனோலால், டில்டியாசெம் போன்ற மாத்திரைகளே துடிப்பைக் குறைக்கலாம். கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண்ணில் விடுவதை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு குறைவும் காரணமாகலாம். இவற்றைச் சரிசெய்தாலே துடிப்பு சீராகி, பேஸ்மேக்கர் பேச்சே எழாமல் போகலாம். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்டோபிரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

"கொஞ்சம் தலைசுற்றல்" என்று முடித்துக்கொள்ளாதீர்கள். அறை சுழன்றதா, கண் இருட்டியதா? எழுந்து நின்றபோதா, சும்மா உட்கார்ந்திருந்தபோதா? உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் மருத்துவர்களாகிய நாங்கள் கூடுதல் கவனம் எடுப்போம். அருகில் இருந்து பார்த்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு நினைவில்லாத நொடிகளை அவர் பார்த்திருப்பார். போன வருடம் ஏறிய மாடியை இப்போது நடுவில் நின்று ஏறுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். வயதாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இசிஜி இதயத் துடிப்பைச் சில நொடிகளுக்குத்தான் பதிவு செய்யும். அது இயல்பாக இருந்தால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதியும் ஹோல்டர் கருவியைப் பொருத்துவார்கள். அப்போது தொல்லை வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவின் பயன் பாதியாகிவிடும்.

இருமுறை கண் இருட்டியிருப்பதால், இந்த வாரமே நிபுணரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். நினைவு தப்பி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.