முதல் டாக்டரை யாரு தூக்கினது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நீங்க பிபிசியோட 'டாக்டர் ஹூ' சீரிஸ் பத்தி எழுதினத படிச்சுட்டுத்தான் நான் அந்த சீரிஸ பார்க்கவே ஆரம்பிச்சேன். 2005-ல எக்கிள்ஸ்டன் டாக்டரா வந்ததுலேர்ந்து வரிசையா, ஒரு எபிசோடு விடாம. நடுவுல நீங்க சொன்னீங்கன்னு முதல் டாக்டரா நடிச்ச ஹார்ட்னெல்லோட கதைகளும் கொஞ்சம் பார்த்தேன். கருப்பு வெள்ளைல, சிடுசிடுன்னு பேசிட்டு திடீர்னு குழந்தை மாதிரி சிரிக்கிற அந்த கிழவர எனக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு.

போன வாரம் 'தி டைம்லெஸ் சில்ட்ரன்'ங்கற எபிசோடுல வந்து நின்னேன். முடிஞ்சதும் டிவிய ஆஃப் பண்ணிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன் சார். ஹார்ட்னெல் முதல் டாக்டர் இல்லையாம், அவருக்கு முன்னாடி எத்தனையோ பேரு இருந்தாங்களாம், எல்லாத்தையும் அழிச்சுட்டாங்களாம். அந்த கிழவரோட நாற்காலிய யாரோ உருவிட்டாப்ல இருந்துச்சு.

நான் இருக்கற ரசிகர் குரூப்ல இத எழுதினேன், அவ்வளவுதான், பத்திக்கிச்சு. ஒருத்தர் 'இனி இது என் டாக்டர் இல்ல'ன்னு சொல்லிட்டு குரூப்ப விட்டே போயிட்டார். இன்னொருத்தர், இந்த எபிசோட திட்டறவங்க எல்லாருமே பொம்பள டாக்டர பிடிக்காதவங்கதான்னு சொல்றார். எனக்கு அந்த எபிசோடுல டாக்டரா வர்ற ஜோடி விட்டேக்கர பிடிக்கும் சார், கோபம் அவங்க மேல இல்லவே இல்ல. அப்ப எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குது? ஒரு சீரியலுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படறது தப்பா? நானும் குரூப்ப விட்டுடவா?

(பேர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

பதில் லேட்டானதுக்கு சோம்பேறித்தனம் காரணம் இல்ல. அந்த எபிசோட இன்னொருதடவ பார்த்துட்டு எழுதலாம்னு நினைச்சேன், பார்க்க மனசு வராம தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், நேத்து ராத்திரிதான் பார்த்து முடிச்சேன்.

முதல்ல ஒரு விஷயத்த ஒத்துக்கறேன். 2020 மார்ச் 1, அது வந்த ராத்திரி நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன், உங்கள விட மோசமா. நாலு பக்கம் எழுதினேன், அந்த எபிசோட எழுதின க்ரிஸ் சிப்னலுக்கு எழுதவே தெரியாதுன்னு ஆரம்பிச்சு எங்கெங்கயோ போச்சு. காலைல எழுந்து படிச்சா எல்லா பாராவுலயும் '56 வருஷமா', '56 வருஷமா'ன்னு வருது. 56 வருஷமா இருந்தத உடைச்சுட்டான், 56 வருஷமா நம்பினத அழிச்சுட்டான். சரி, போடறதுக்கு முன்னாடி ஒருதடவ சரிபார்த்துக்கலாமேன்னு தேதியெல்லாம் எடுத்து வச்சேன் பாருங்க, அதோட அந்த நாலு பக்கமும் குப்பைக்கு போச்சு.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். டாக்டருங்கறவர் காலிஃப்ரேங்கற கிரகத்துல பிறந்த டைம் லார்டு, சாகப்போற நேரத்துல உடம்பு மாறி வேற ஆளா எழுந்துப்பார், அதுல முதல் ஆள் வில்லியம் ஹார்ட்னெல் நடிச்ச கிழவர், இதுதான் நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. டைம்லெஸ் சில்ட்ரன் என்ன சொல்லுதுன்னா, டாக்டர் காலிஃப்ரேல பிறந்தவரே இல்ல, எங்கிருந்தோ வந்து அநாதையா கிடந்த ஒரு குழந்தை, டெக்டியூன்ங்கற விஞ்ஞானி எடுத்து வளர்த்தா, குழந்தைக்கு உடம்பு மாத்திக்கற சக்தி இருக்கறத கண்டுபிடிச்சு, அந்த குழந்தைய வச்சே ஆராய்ச்சி பண்ணி, அந்த சக்திய தன் இனத்துக்கு எடுத்துக்கிட்டா. அப்புறம் அந்த குழந்தையோட பழைய பிறவிகள் எல்லாத்தையும் ஞாபகத்துலேர்ந்து துடைச்சுட்டாங்க. ஹார்ட்னெல் வர்றது அதுக்கெல்லாம் பின்னாடி.

இப்ப அந்த 56 வருஷத்த பிரிச்சுப் பாருங்க. முதல் எபிசோடு 1963 நவம்பர் 23. அதுல டைம் லார்டுங்கற வார்த்தையே கிடையாது. அது வர்றது 1969-ல, ரெண்டாவது டாக்டரா நடிச்ச பாட்ரிக் ட்ரௌட்டனோட கடைசி கதைல. காலிஃப்ரேங்கற பேரு 1973 டிசம்பர்ல. உடம்பு மாத்திக்கறதுக்கு ரீஜெனரேஷன்ங்கற வார்த்தை 1974-ல. ஹார்ட்னெல் 1966-ல ட்ரௌட்டனா மாறினப்ப அதுக்கு பேரே வைக்கல, ஏதோ ஆச்சு, ஆள் மாறிட்டார், அவ்வளவுதான். பன்னெண்டு தடவைதான் மாத்திக்க முடியும்னு நாமெல்லாம் வேதம் மாதிரி ஒப்பிக்கறோமே, அது 1976. அதாவது நான் 56 வருஷம்னு கத்தினது எல்லாமே அப்பப்ப ஒவ்வொருத்தர் வந்து சொருகினது.

அந்த 1976 கதைதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது. 'தி டெட்லி அசாசின்', ராபர்ட் ஹோம்ஸ் எழுதினது, டாம் பேக்கர் டாக்டர். அதுவரைக்கும் டைம் லார்டுங்கன்னா கிட்டத்தட்ட கடவுள், எப்பவாவது வருவாங்க, தீர்ப்பு சொல்வாங்க, போயிடுவாங்க. ஹோம்ஸ் கேமராவ நேரா அவங்க வீட்டுக்குள்ளயே கொண்டுபோயிட்டார். உள்ள பார்த்தா வயசான பெரிய மனுஷங்க, கழுத்துக்குப் பின்னாடி முறம் மாதிரி நிக்கற காலரோட அங்கிய மாட்டிக்க திண்டாடறாங்க, பக்கத்துல ஒரு டிவி வர்ணனையாளர் மைக்க வச்சுக்கிட்டு விழாவ நேரடி ஒளிபரப்பு பண்ணிட்டிருக்கார், அந்தாளும் டாக்டர் கூட படிச்சவர்தான், பயங்கர அசடு. அடுத்த தலைவர் யாருன்னு சதி, கொலை, கொலைய மூடி மறைக்க ஒரு பொய்க்கதை. கடவுள்னு நினைச்சவங்க எல்லாம் வெறும் அரசியல்வாதி, ஹோம்ஸ் சொன்னது அதான்.

அப்ப ரசிகர்களுக்கு வந்த கோபம் இருக்கே! டாக்டர் ஹூ அப்ரிசியேஷன் சொசைட்டி அதே வருஷம்தான் ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த சங்கத்து தலைவரே விமர்சனம் எழுதினார், டைம் லார்டுகள இப்படி அசிங்கப்படுத்திட்டாங்களேன்னு ஒவ்வொரு தப்பா எண்ணி எழுதி, கடைசில டாக்டர் ஹூவோட மாயாஜாலம் எங்க போச்சுன்னு பெரிய எழுத்துல கேட்டு முடிச்சார். இன்னைக்கு நாம எழுதற அதே வாக்கியம் தம்பி, ஆளும் வருஷமும்தான் வேற.

இன்னொரு வேடிக்கை, அதே கதைய வேற ஒருத்தரும் திட்டிட்டிருந்தாங்க. மூணாவது எபிசோடு முடியறப்ப வில்லன் டாக்டரோட தலைய தண்ணிக்குள்ள அமுக்கறான், படம் அப்படியே உறைஞ்சு நிக்குது, டைட்டில் வருது. ஒளிபரப்புல ஒழுக்கம் வேணும்னு இயக்கம் நடத்தின மேரி ஒயிட்ஹவுஸ் இத பிடிச்சுக்கிட்டு குழந்தைங்க பாக்கற நிகழ்ச்சில இப்படியான்னு புகார் பண்ண, பிபிசி மாஸ்டர் டேப்புலேர்ந்தே அந்த ஷாட்ட வெட்டிட்டாங்க. ரசிகர்களுக்கு காலர் போட்ட கிழவங்க பிரச்சனை, அந்தம்மாவுக்கு தண்ணி பிரச்சனை. அந்த 'அசிங்கப்படுத்தின' கதை இன்னைக்கு டாம் பேக்கர் காலத்தோட உச்சங்கள்ல ஒண்ணு. அதுல வந்த காலிஃப்ரேதான், அந்த காலரும் அங்கியும்தான், 2020-ல உடைஞ்சுபோச்சேன்னு நாம அழுத புனிதமான காலிஃப்ரே!

அதே 1976 ஜனவரில 'தி ப்ரெய்ன் ஆஃப் மார்பியஸ்'ல டாக்டரும் வில்லனும் மனசால மோதுவாங்க, ஸ்க்ரீன்ல டாக்டரோட பழைய முகங்கள் ஒவ்வொண்ணா பின்னாடி போகும், ட்ரௌட்டன், ஹார்ட்னெல், அதுக்கும் பின்னாடி இன்னும் எட்டு முகம். அந்த எட்டும் நடிகர்கள் இல்ல, தயாரிப்பாளர் ஹிஞ்ச்க்ளிஃப், எழுத்தாளர் ஹோம்ஸ்னு அந்த சீரிஸ்ல வேல பார்த்தவங்களே ஆளுக்கொரு வேஷத்த மாட்டிட்டு போஸ் குடுத்த போட்டோ. ஹார்ட்னெல்லுக்கு முன்னாடி இருந்த டாக்டர்கள்னு காட்டத்தான் ஹிஞ்ச்க்ளிஃப் அத வச்சார். நாம 44 வருஷம் அது வில்லனோட முகமா இருக்கும்னு சொல்லி சமாளிச்சோம். சிப்னல் அந்த முகங்கள எடுத்து டைம்லெஸ் சில்ட்ரன்ல அப்படியே ஓட்டினார். அந்த ஷாட் வர்றப்ப கோபத்துக்கு நடுவுலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, போஸ்ட்ல போட்ட லெட்டர் 44 வருஷம் கழிச்சு வந்து சேர்ந்த மாதிரி.

அதுக்காக உங்க கோபம் பொய்னு சொல்ல வரல. 1972 கடைசில ஆரம்பிச்ச 'தி த்ரீ டாக்டர்ஸ்'ல டைம் லார்டுகளே ஹார்ட்னெல்லதான் ஆரம்ப டாக்டர்னு சொல்லுவாங்க, அதனால நீங்க நம்பினதுக்கும் ஆதாரம் இருக்கு. இந்த சீரிஸ்ல எதுக்கும் ஆதாரம் இருக்கும், அதுக்கு எதிரானதுக்கும் இருக்கும். 1996 டிவி படத்துல டாக்டர் பாதி மனுஷன்னு ஒரு வரி வந்துச்சு, ரசிகர்கள் கொதிச்சாங்க, பின்னாடி வந்தவங்க அத பெருசா கண்டுக்கல. பன்னெண்டு கணக்கு 2013 கிறிஸ்துமஸ்ல தீர்ந்துபோச்சு, வானத்துல ஒரு விரிசல் வழியா புது கணக்கு குடுத்து அனுப்பிட்டாங்க. விதிய உடைச்சது குத்தம்னா இந்த சீரிஸ்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க.

உங்களுக்கு ஏன் வலிச்சுதுன்னா, என் கணிப்பு, அது விதி உடைஞ்சதுனால இல்ல, சொன்ன விதத்தால. நேத்து பார்க்கறப்ப கவனிச்சேன், டாக்டர் பெரும்பாலான நேரம் என்ன பண்றாங்க? ஒரு வட்டத்துக்குள்ள நகர முடியாம நிக்கறாங்க, பழைய எதிரி மாஸ்டர் சுத்தி சுத்தி வந்து பாடம் எடுக்கறான். தன் வாழ்க்கைலயே பெரிய உண்மைய டாக்டர் தானா தேடி கண்டுபிடிக்கல, எதிராளி வாயால கேட்டுக்கறாங்க. மாஸ்டரா சாச்சா தவான் பிரமாதமா நடிக்கறார், ஆனா லெக்சர் லெக்சர்தானே.

இதுக்கு முந்தின எபிசோட, 'அசென்ஷன் ஆஃப் த சைபர்மென்', கூட வச்சுப் பாருங்க. நடுநடுவுல சம்பந்தமே இல்லாம அயர்லாந்து வரும். ரோட்டோரத்துல ஒரு கைக்குழந்தை கிடக்கு, ஒருத்தர் எடுத்துட்டு வந்து மனைவியோட சேர்ந்து வளர்க்கறார், பேரு ப்ரெண்டன். வளர்ந்து போலீஸாகறான். ஒருநாள் மலை விளிம்புல திருடன் சுடறான், கீழ விழறான், எல்லாரும் ஓடி வர்றாங்க, அவன் ஒரு கீறல் இல்லாம கண்ணத் திறக்கறான். வருஷம் போகுது, தலை நரைச்சு ரிட்டயர் ஆகறான். அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல அப்பாவும் பழைய மேலதிகாரியும் நிக்கறாங்க, அவனுக்குத்தான் வயசாகியிருக்கு, அவங்க ரெண்டு பேரும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்காங்க. பின்னாடி ரூமுக்கு கூட்டிட்டு போய் நாற்காலில கட்டி தலைல ஏதோ மாட்டி, அன்பா, ரொம்ப அன்பா, எல்லாத்தையும் துடைச்சுடறாங்க. எனக்கு முதுகுத்தண்டு சில்லுன்னுச்சு. மாஸ்டர் அவ்வளவு நேரம் பேசினது முழுக்க இந்த சில நிமிஷத்துல ஏற்கனவே சொல்லியாச்சு. அந்த அயர்லாந்து முழுக்க டாக்டரோட கதைக்கு போட்ட வேஷம்னு பின்னாடி தெரியறப்ப, நாமளே கண்டுபிடிக்கட்டும்னு விட்டிருந்தா இன்னைக்கு உங்க குரூப்ல சண்டையே வேற மாதிரி இருந்திருக்கும்.

குரூப் சண்டைக்கு வர்றேன். பொம்பள டாக்டர்னதாலயே திட்டறவங்க இருக்காங்க, 2017 ஜூலைல விட்டேக்கர் பேர அறிவிச்ச அன்னைக்கே, ஒரு சீன் கூட பார்க்காமலே ஆரம்பிச்சாங்க, அத மறைக்க வேண்டாம். ஆனா அந்த எபிசோட திட்டற எல்லாரையும் அந்த மூட்டைல போட்டு கட்டறது சோம்பேறித்தனம், அப்புறம் அந்த எபிசோட பத்தி பேசவே வேண்டாம்ல, வசதியாப்போச்சு. 'என் டாக்டர் இல்ல'ன்னு போனவர பத்தி எனக்கு கவலையே இல்ல, இந்த சீரிஸ விட்டுப் போறவங்க அடுத்த டாக்டர் வர்றப்ப கதவோரமா எட்டிப்பார்ப்பாங்க.

கடைசியா நாற்காலி. ஹார்ட்னெல்லோட நாற்காலிய உருவிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்த வரிதான் என்னைய இவ்வளவு எழுத வச்சுது. நிஜமாவே அந்த மனுஷன அழிச்சது சிப்னல் இல்ல தம்பி. 60, 70-கள்ல பிபிசி பழைய டேப்புகள துடைச்சு திரும்ப உபயோகிச்சாங்க, பிலிம் பிரதிகள தூக்கிப்போட்டாங்க. அதுல போனதுல ஒண்ணு 'தி டென்த் ப்ளானட்' நாலாவது எபிசோடு, 1966 அக்டோபர், ஹார்ட்னெல் கீழ விழுந்து முகம் வெள்ளையா கரைஞ்சு ட்ரௌட்டனா மாறற எபிசோடு. அந்த மாறற சில நொடி தப்பிச்சுது, ஏன்னா 1973-ல ப்ளூ பீட்டர்ங்கற குழந்தைங்க நிகழ்ச்சில அந்த துண்ட போட்டிருந்தாங்க.

படம் காணாமப் போன எபிசோடு எல்லாத்துக்கும் சவுண்ட் மட்டும் இருக்கு, அது யாரு வேலைன்னு நினைக்கறீங்க? வீட்ல இருந்த ரசிக பசங்க. டிவி ஸ்பீக்கர் முன்னாடி மைக்க பிடிச்சுக்கிட்டு, யாரும் பேசாதீங்கன்னு வீட்ல எல்லாரையும் அடக்கிட்டு, ரீல் டேப்புல பிடிச்சு வச்சாங்க. ஒரு சீரியலுக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படறது தப்பான்னு கேட்டீங்களே.

குரூப்ப விடாதீங்க. டெட்லி அசாசின் நாலு எபிசோடுதான், பாருங்க. முதல் எபிசோடுல அந்த காலர் மாட்டற சீன் வர்றப்ப, 1976-ல இருந்தா நானும் அந்த சங்கத்து தலைவர் பக்கம்தான் நின்னிருப்பேனான்னு யோசிச்சு எனக்கு ஒரு வரி எழுதுங்க. நான் நின்னிருப்பேன், கண்டிப்பா.