பட்டினி கிடந்தவர் ரத்தத்தில் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: காங்கேயம் அருகே கொப்பரைக் களம் நடத்துகிறேன். வயது 47. சஷ்டிதோறும் பகல் முழுவதும் விரதம் இருந்து, மாலை ஏழு மணிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையோடு முடிப்பேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290. தேங்காய் எண்ணெயை விட்டு ஆறு மாதம் ஆகிறது. அப்புறம் எப்படி? பரிசோதனையில் தவறா?

பதில்: பரிசோதனையைக் குறை சொல்ல முடியாது. சந்தகையின் மீதும் பெரிய பழி இல்லை. அந்த 290-இல் பெரும்பகுதி உங்கள் கல்லீரலே செய்து அனுப்பிய கொழுப்பு.

சாப்பிட்ட கொழுப்பைக் குடல் சிதைத்து உறிஞ்சி, மறுபடியும் சேர்த்துக் கைலோமைக்ரான் என்ற நுண்பொதிகளாகக் கட்டி, நிணநீர் வழியாக ரத்தத்தில் விடுகிறது. கல்யாண விருந்து முடிந்து சில மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் சீரம் பால்போலக் கலங்கியிருப்பது இவற்றால்தான். உணவால் சுரக்கும் இன்சுலின் அந்தக் கொழுப்பைத் தொப்பையிலும் தொடையிலும் சேமிக்க வைக்கும். பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் இந்தப் பொதிகள் ரத்தத்தை விட்டு நீங்கிவிடும்.

விரதத்தில் இன்சுலின் இறங்கும். கல்லீரலில் கிளைகோஜனாக இருக்கும் சுமார் 100 கிராம் மாவுச்சத்து ஒரு நாளில் ஏறக்குறைய தீர்ந்துபோகும். சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமாக வெளியேறும். இதயமும் தசைகளும் அதை அப்படியே எரிக்கும். மூளையால் அது முடியாது; அதற்காகக் கல்லீரல் அந்த அமிலத்திலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்து கொடுக்கும். நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர் மூச்சில் பழ வாடை வீசுவது இதனால்தான்.

உங்களைப் போன்றவர்களிடம் நான் முதலில் சந்தேகிப்பது, உடல் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்காத நிலையை. அப்போது கொழுப்புத் திசு, பூட்டாத குடோன் மாதிரி, சாப்பிட்ட வேளையிலும் சரக்கை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எரித்தது போக மிஞ்சியதைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி, விஎல்டிஎல் என்ற பொதிகளில் ரத்தத்துக்கு அனுப்புகிறது. அனுப்ப முடியாதது கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அளவுக்கு மீறிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. மது இருந்தால் கேட்கவே வேண்டாம். பேக்கரியில் நாளைக்கு எத்தனை டீ, எத்தனை பன் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் அது இரண்டோடு நிற்பதில்லை என்பதால் கேட்கிறேன்.

தேங்காய் எண்ணெயைக் குறைத்ததால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கலாம், நல்லதுதான். டிரைகிளிசரைடு இறங்க, டீயில் சர்க்கரையையும் தட்டில் சோற்றையும் குறைத்து, தினமும் நடக்க வேண்டும்.

விரதத்துக்கு மறுநாள் வேண்டாம்; வழக்கம்போலச் சாப்பிடும் வாரத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். 150-க்குக் கீழே இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரக்கூடும் என்பதால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் தேவை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த சஷ்டி விரதத்தைத் தொடங்க வேண்டாம்.