உடையைக் களையச் சொன்னால்? அமெரிக்க கவுன்ட்டி சிறைச் சோதனைகள் பற்றி வாசகர் கேள்விகள்

*என் தங்கை மகனை, டிராஃபிக் அபராதம் பாக்கி என்று பிடித்துப் போய் ஒரு ராத்திரி கவுன்ட்டி சிறையில் வைத்தார்கள். உள்ளே போனதும் எல்லாத் துணியையும் கழற்றச் சொன்னார்களாம். கொலையா செய்துவிட்டான்? இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?*
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

உங்கள் மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம்தான் இதில் நாடு முழுவதற்கும் முன்னுதாரணம். 2005-ல் ஆல்பர்ட் ஃப்ளோரன்ஸ் என்பவரை அபராத பாக்கிக்கான வாரண்டில் கைது செய்தார்கள். அந்த அபராதத்தை அவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். கணினியிலிருந்து வாரண்டை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பர்லிங்டன் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) சிறையில் ஆறு நாள், பிறகு எசெக்ஸ் கவுன்ட்டி சிறை. இரண்டு இடத்திலும் நிர்வாணச் சோதனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஏப்ரல் 2-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. பொதுப் பிரிவில் மற்றக் கைதிகளோடு சேர்க்கப்போகும் எவரையும், குற்றம் சிறிதா பெரிதா என்று பாராமல், தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லாமலே சோதிக்கலாம் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி சொன்ன காரணங்கள் ஆயுதம், போதைப்பொருள், பேன், தோல் தொற்று, கும்பல்களின் பச்சைக் குத்து ஆகியவை. கைதுக்கான காரணத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் ஓக்லஹோமா குண்டுவெடிப்பின் டிமத்தி மெக்வே. அவன் முதலில் சிக்கியது, நம்பர் பிளேட் இல்லாத காரை ஓட்டியதற்காக.

ஆனால் "பொதுப் பிரிவில்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். நீதிபதிகள் ராபர்ட்ஸும் அலிட்டோவும் தனித்தனியே எழுதிய குறிப்புகளில், எல்லாச் சூழலுக்கும் இது விடையல்ல என்று கதவைச் சற்றுத் திறந்தே வைத்தார்கள். மற்றவர்களோடு சேர்க்காமல் தனியே வைத்திருந்து காலையில் விட்டுவிடக்கூடியவரின் நிலை அந்தத் தீர்ப்பில் முடிவாகவில்லை.

அடுத்தது மாநிலச் சட்டம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உச்ச நீதிமன்றம் சொன்னது குறைந்தபட்சப் பாதுகாப்பு. அதற்கு மேல் கொடுக்க மாநிலங்களுக்குத் தடையில்லை. நியூஜெர்சிச் சட்டப்படி, "குற்றம்" என்ற அளவுக்கு வராத சிறு மீறலுக்காகப் பிடிபட்டு கவுன்ட்டி சிறையில் இருப்பவரை நிர்வாணமாகச் சோதிக்க, ஆயுதமோ போதைப்பொருளோ தடைசெய்த பொருளோ கிடைக்கும் என்ற நியாயமான சந்தேகம் வேண்டும். இல்லாவிட்டால் வாரண்டோ சம்மதமோ வேண்டும். எனவே வக்கீலிடம் போகும்போது மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்: பையனை மற்றவர்களோடு சேர்த்து வைத்தார்களா, கைதுப் பதிவில் எந்தச் சட்டப் பிரிவு போட்டிருக்கிறார்கள், சந்தேகத்துக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்.

*என் மகன் கவுன்ட்டி சிறையில் காவலராகச் சேரப் பயிற்சி எடுக்கிறான். சோதனை என்றால் வரிசையாக என்னென்ன செய்வார்கள்? அதில் எங்கே தப்பு நடக்கும்?*
– வாசகி, சிகாகோ

முதல் கட்டம் உடையோடு தடவிப் பார்ப்பது. கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஊசி, பிளேடு, குத்துகிற எதாவது இருக்கிறதா?" கையுறை ரத்தத்தைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. பாக்கெட்டில் இருப்பதைக் கைதியே எடுத்து மேசையில் வைக்கட்டும். பிறகு காலரில் தொடங்கித் தோள், கை, அக்குள், மார்பு, இடுப்புப் பட்டையின் முழுச் சுற்று, தொடை, கணுக்கால், காலுறை, காலணியின் உள்பட்டை என்று மேலிருந்து கீழே வர வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, உள்ளங்கையைத் துணிமேல் வழுக்கிக்கொண்டு போவது. மடித்த சிறு பொட்டலம் அதில் தட்டுப்படாது. துணியைக் கொத்தாகப் பிடித்துக் கசக்கிப் பார்க்க வேண்டும், முக்கியமாகத் தையல் மடிப்புகளையும் இடுப்புப் பட்டையையும்.

இரண்டாவது நிர்வாணச் சோதனை. இதில் காவலர் கைதியைத் தொடுவதில்லை. கண்ணால் பார்ப்பது மட்டுமே. அதே பாலினக் காவலர், மூடிய இடம், வேறு யாரும் எட்டிப் பார்க்க வழியில்லாத ஏற்பாடு. துணிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிப்பார்கள். தலைமுடியைக் கைதியே விரலால் கோதிக் காட்ட வேண்டும். காதின் பின்புறம், வாய், நாக்கின் அடி, பல்செட், அக்குள், விரலிடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்த்தபின், குனிந்தோ உட்கார்ந்தோ இருமச் சொல்வதும் உண்டு. ஒழுங்காகச் செய்தால் சில நிமிட வேலை. என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சாதாரணக் குரலில் சொல்லிவிடுகிற காவலருக்குப் பாதித் தகராறு குறைந்துவிடும்.

மூன்றாவது, உடற்குழிக்குள் கையோ கருவியோ விட்டுப் பார்ப்பது. இது காவலர் வேலையே அல்ல. மருத்துவப் பணியாளர் செய்வது. உங்கள் இல்லினாய் மாநிலத்தில் இதற்குத் தேடுதல் வாரண்ட் வேண்டும். சிறு குற்றத்துக்காகக் கைதானவரை, ஆயுதமோ போதைப்பொருளோ சம்பந்தப்படாத பட்சத்தில், காரணமில்லாமல் நிர்வாணச் சோதனை செய்வதையும் அங்கே சட்டம் தடுக்கிறது. கைதானவரை அப்படிச் சோதித்தால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். யார் சோதித்தார், எங்கே, எந்த நேரம் என்ற அறிக்கை எழுதி, அதன் நகலைச் சோதிக்கப்பட்டவரிடமே கொடுக்க வேண்டும். இந்த ஒரு தாளை மகன் தவறாமல் எழுதிப் பழகட்டும். பின்னால் வழக்கு வந்தால் அவனைக் காப்பாற்றுவதும் அதுதான்.

இப்போது பல சிறைகளில் எக்ஸ்ரே ஸ்கேனர் வந்துவிட்டது. ஒருவருக்கு ஆண்டுக்கு 250 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு என்பது அமெரிக்கத் தரவிதியின் வரம்பு; அதனால் ஆள்வாரியாகக் கணக்கு வைத்தாக வேண்டும். கர்ப்பிணிகளைப் பொதுவாக அதில் ஏற்றுவதில்லை. வயிற்றில் உள்ள வாயுவும் மலமும்கூடப் படத்தில் நிழலாக விழும். பயிற்சி இல்லாதவர் பொட்டலத்தைத் தவறவிடுவார், அல்லது இல்லாததை இருப்பதாகச் சொல்வார். படத்தில் ஏதோ தெரிகிறது என்பது கைவிட்டுத் தேட அனுமதி ஆகிவிடாது. போதைப் பொட்டலத்தை விழுங்கியிருப்பதாகத் தோன்றினால் ஆளை அனுப்ப வேண்டியது மருத்துவமனைக்கு. பொட்டலம் உள்ளே கிழிந்தால் உயிர் போய்விடும்.

எங்கே தப்பு நடக்கிறது என்று கேட்டீர்கள். "பிடித்துவந்த போலீஸ்காரர் பார்த்திருப்பார்" என்ற நம்பிக்கையில்தான் பாதி தப்பு. சோதித்தவரையும் சோதிக்காதவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது இன்னொன்று. அப்புறம் செய்த சோதனைக்கே அர்த்தமில்லை.

பெரிய தப்புக்கு உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி. லின்வுட்டில் உள்ள பெண்கள் சிறையில் 2008 முதல் 2015 வரை, நீதிமன்றம் போய்வந்த பெண்களையும் புதிதாக வந்தவர்களையும் பஸ் நிறுத்தும் கொட்டகையில் கூட்டமாக நிறுத்தி, ஒருவர் முன் ஒருவராக நிர்வாணமாகச் சோதித்தார்கள். குளிரும் வெயிலும் நேராக அடிக்கும் இடம். மாதவிடாய்க் காலத்தில் இருந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. 2019-ல் கவுன்ட்டி 5 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சோதிக்கும் உரிமை சிறைக்கு இருந்தது, விதத்தில்தான் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1979-ஆம் ஆண்டு பெல் எதிர் வுல்ஃபிஷ் தீர்ப்பு பார்க்கச் சொல்லும் நான்கு அம்சங்களில் விதமும் இடமும் தனித்தனியே உண்டு. மற்ற இரண்டு, சோதனையின் அளவும் அதற்கான காரணமும்.

*பெண்களை ஆண் காவலர் சோதிக்கலாமா? தாலி, மூக்குத்தி எல்லாம் என்ன ஆகும்?*
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

சிறைப் பாலியல் வன்முறை ஒழிப்புச் சட்டம் 2003-ல் வந்தது. அதன் கீழான விதிகள் 2012-ல் வந்தன. அவசரநிலை தவிர, பெண் கைதியை ஆண் காவலர் உடையோடு தடவிப் பார்ப்பதையும் அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. நிர்வாணச் சோதனையில் தடை இரு பாலருக்கும் பொது. அவசரநிலையும் மருத்துவரும் மட்டுமே விலக்கு. எதிர்பாலினச் சோதனை நடந்தால் எழுதிவைக்க வேண்டும். திருநங்கை, திருநம்பி கைதிகளைப் பிறப்புறுப்பு எது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் சோதிக்கக் கூடாது.

இந்த விதிகளின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். விதி மீறல் என்ற ஒன்றை மட்டும் காட்டி நீங்கள் வழக்குப் போட முடியாது; நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தின் கீழ்தான் போக வேண்டும். அப்படிப் போய் ஜெயித்தவர்கள் உண்டு. மாரிக்கோபா கவுன்ட்டி சிறையில், பயிற்சியிலிருந்த ஒரு பெண், ஆண் கைதியின் மெல்லிய உள்ளாடை மேல் கைவைத்துச் சோதித்ததை 2011-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நியாயமற்றது என்று சொன்னது.

தாலிச் சங்கிலியைப் பெரும்பாலும் கழற்றி வாங்கிவிடுவார்கள். மஞ்சள் கயிறாக இருந்தாலும் கழுத்தை இறுக்கப் பயன்படும் என்று எடுப்பார்கள். வாதாடிப் பயனில்லை, ரசீதைப் பாருங்கள். அதில் தங்கம் என்று எழுத மாட்டார்கள், "மஞ்சள் நிற உலோகம்" என்றுதான் எழுதுவார்கள். அது வழக்கம்தான். குண்டு எத்தனை, காசு எத்தனை, பதக்கம் உண்டா என்ற எண்ணிக்கை சரியாக ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கழற்ற வராத மூக்குத்தியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சமயக் காரணத்துக்காக எதையாவது திரும்பக் கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள்; கைதிகளின் சமய உரிமைக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்ட்டி சிறைக்கும் பொருந்தும்.

*தேவயானி கோப்ரகடேவுக்கு நடந்ததும் இதுதானா?*
– வாசகர், சென்னை

சோதனை ஒன்றுதான், இடம் வேறு. 2013 டிசம்பர் 12-ல் நியூயார்க்கில் கைதான இந்தியத் துணைத் தூதரக அதிகாரியான அவரைச் சோதித்தவர்கள் மத்திய அரசின் மார்ஷல்கள். கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் அல்ல. எல்லாக் கைதிகளுக்கும் செய்வதையே செய்தோம் என்று நிர்வாணச் சோதனையை ஒப்புக்கொண்டார்கள். உடற்குழிச் சோதனையை மறுத்தார்கள்.

*என் நண்பருக்கு வக்கீல் அனுப்பும் கடிதங்களைப் பிரிக்கிறார்கள். அவருடைய அறையையும் நினைத்தபோதெல்லாம் கலைக்கிறார்கள்.*
– வாசகர், டல்லாஸ்

அறை விஷயத்தில் வழியில்லை. 1984-ல் உச்ச நீதிமன்றம், சிறை அறையில் அந்தரங்க உரிமை கிடையாது என்று தீர்த்துவிட்டது. முன்னறிவிப்பும் தேவையில்லை. வக்கீல் கடிதத்தைக் கைதியின் கண்முன் பிரித்து, உள்ளே பொருள் எதுவும் இல்லையா என்று பார்க்கலாம். இது 1974 தீர்ப்பு. நண்பர் இல்லாத நேரத்தில் பிரித்தால் தேதியோடு குறித்துவைத்துப் புகார் கொடுக்கட்டும்.

*புகாரை யாரிடம், எப்போது கொடுப்பது?*
– வாசகி, சான் ஹோசே

உள்ளே இருக்கும்போதே என்றால், முதலில் சிறையின் உள்முறையீட்டுப் படிவம். இதைக் கடைசி மேல்முறையீடு வரை முடிக்காமல் மத்திய நீதிமன்றம் போனால், 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு தள்ளுபடியாகும். கெடு தவறிய படிவமும் உதவாது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. கெடு சிறைக்குச் சிறை மாறும், சில நாட்களே இருக்கலாம், எனவே கையேட்டை முதல் நாளே கேளுங்கள்.

வெளியே வந்தபின் தொடுக்கும் வழக்குக்கு அந்த நிபந்தனை இல்லை. கலிஃபோர்னியாவில் மத்தியச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட இரண்டு ஆண்டு. மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்பதானால் கவுன்ட்டிக்கு ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போயாக வேண்டும் (நியூஜெர்சியில் 90 நாளில் அறிவிப்பு). இதைவிட அவசரம், கேமரா பதிவு. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நாள், நேரம், அறை எண்ணைக் குறித்து, பதிவை அழிக்கக் கூடாது என்று ஷெரிஃப் அலுவலகத்துக்கு அந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.

*பார்க்கப்போகிற எங்களையும் சோதிப்பார்களா?*
– வாசகர், ஹூஸ்டன்

மெட்டல் டிடெக்டரும் பையைத் திறந்து பார்ப்பதும் சாதாரணம். துணியைக் களையச் சொல்வதற்கு உங்கள் மேலேயே குறிப்பான சந்தேகம் இருக்க வேண்டும் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நீங்கள் மறுத்துவிட்டுத் திரும்பிப் போகலாம். அன்றைய சந்திப்பு கிடைக்காது, அவ்வளவுதான்.