இடுப்பில் தொங்கும் பை

கேள்வி: அக்கா, லித்துவேனியாவில் படிக்கும் என் மகள் அங்கே நடந்த பாட்டு விழாப் படங்களை அனுப்பியிருக்கிறாள். பெண்களின் உடுப்பு ஆளுக்கொரு மாதிரி, ஆண்களுடையது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏன்?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: அந்த விழா 1924இல் கவுனாஸ் நகரில் தொடங்கியது, தங்கச்சி. பெண்கள் உடுத்தியிருப்பது அவரவர் பகுதியின் உடுப்பு. பாவாடை, வெள்ளை லினன் சட்டை, கையில்லாத மேற்சட்டை, ஏப்ரன் எல்லாருக்கும் பொது. மாறுவது நிறமும் நெசவும்தான். வடகிழக்கு அவுக்ஷ்டைத்தியாவில் வெள்ளை தூக்கல். மேற்கே ஜெமைத்தியாவில் நெடுங்கோட்டுப் பாவாடை, காலில் மரச்செருப்பு. சுவால்கியா ஏப்ரனில் பெரிய துலிப் பூக்களை நெய்திருப்பார்கள். முப்பது வருடமாகக் கிளிநொச்சியில் தையல் பழக்குகிறேன், அந்த வேலை எனக்கு வராது!

கடலோரக் கிளைப்பேடாப் பக்கம் கருமையான நிறங்கள். இடுப்பில் பூவேலை செய்த ஒரு பை தொங்கும், பெயர் டெல்மோனாஸ். எங்கள் அம்மம்மா வெற்றிலையும் சில்லறையும் வைத்து இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அம்மம்மா அதை ஒளித்து வைப்பா, இவர்கள் எல்லாரும் பார்க்கத் தொங்கவிடுகிறார்கள்.

தலையையும் பாருங்கள். நாடாவோ கிரீடமோ வைத்தவர் குமர்ப்பிள்ளை. நீண்ட வெள்ளை லினன் துணியைச் சுற்றியிருந்தால் அது கலியாணமானவர் கட்டும் நுவோமெத்தாஸ்.

ஆண்களுக்கு லினன் சட்டை, காற்சட்டை, கம்பளி மேலங்கி, தொப்பி. சரி, அவர்களின் இடுப்பில் கோலம் போட்டதுபோல நெய்த பட்டி இருக்கிறதா? அதுதான் யுவோஸ்தா. பெண்களும் கட்டுவார்கள், கலியாணத்தில் பரிசாகவும் கொடுப்பார்கள். மகள் வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், நெசவைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை.