பதில்: வரைபடத்தைப் பார்த்ததும் மேய்ச்சல்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்
வட்டார நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று பச்சை பூசிய இடத்தைப் பார்த்து மேய்ச்சல்காரர்கள் கூட்டத்தை விட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வியப்பில்லை. முடித்த வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால் அது அறிவிப்பு, ஆலோசனை அல்ல.

அடுத்த முறை வெற்றுத் தாளோடு போங்கள், மண்டபத்துக்கு அல்ல, அந்த நிலத்துக்கே. எந்த மாதத்தில் எங்கே மேய்க்கிறார்கள், எந்தச் சுனை கடைசியாக வற்றும், விறகு எங்கே எடுக்கிறார்கள் என்று அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் படம் ‘தரிசு’ என்று காட்டும் இடம் சில மாதங்களுக்கு நல்ல மேய்ச்சல் நிலமாக இருக்கக்கூடும். பெண்களிடம் தனியாகவும் கேளுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் குரல் பெரும்பாலும் அமுங்கிவிடும்.

ஒரே எல்லைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். யுனெஸ்கோ 1971-இல் தொடங்கிய ‘மனிதனும் உயிர்க்கோளமும்’ திட்டத்தின் காப்பகங்களில், அதாவது இயற்கையையும் மக்கள் வாழ்வையும் சேர்த்துப் பேணும் பகுதிகளில், மையம், அதைச் சுற்றி இடைப்பகுதி, அதற்கு வெளியே மாறுநிலைப் பகுதி என மூன்று அடுக்குகள் உண்டு. கடும் கட்டுப்பாடு மையத்தில்தான். உங்கள் இடத்தில் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் மட்டும் மேய்ச்சலை நிறுத்தினால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் மறுத்தீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.